வழி, வழக்கம், வழக்கு: உயர்நீதிமன்ற வாயிலில் சில குறிப்புகள்

1

ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை இரவு. பாரிமுனையில் பேருந்துக்காக நடந்து வந்துகொண்டிருந்தபோது சென்னை உயர்நீதிமன்றத்தின் வாயில்கள் எல்லாமே பூட்டிக் கிடப்பதைப் பார்த்தேன். நீதிமன்றம் இல்லாத நாளிலும் ஏதேனும் ஒரு வாயில் திறந்திருப்பதுதான் வழக்கம். எதிரே டீக்கடையில் விசாரித்தேன்.

'இன்னிக்கு ராத்திரி பூட்டுனா நாளைக்கு ராத்திரிதான் தொறப்பாங்க சார். வருஷத்துல ஒரு நாள் இப்படி. வக்கீலு, ஜட்ஜு, யாரும் உள்ள போக முடியாது. இல்லேன்னா நாமெல்லாம் இது எங்க வழின்னு பாத்தியதை கொண்டாடிடுவோமாம்.'

சொல்லிவிட்டுச் சிரித்தார். கதையாக இருக்குமோ என்று நினைத்து வக்கீல் நண்பரிடம் கேட்டேன். கதையில்லை, நடைமுறைதான் என்றார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிறது. ஆண்டில் 364 நாள் அந்த வளாகத்தில் நடப்பவர்கள், அது தங்கள் வழி என்று ஒருநாளும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, எஞ்சிய ஒரு நாள் கதவு மூடப்படுகிறது.

நண்பரிடமிருந்து சட்டப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், பிரிவு 15. ஒருவர் மற்றவர் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் வெளிப்படையாக, சச்சரவின்றி, உரிமை என்ற எண்ணத்தோடு, இடையறாமல் நடந்து வந்தால் அந்த நடை உரிமையாகிவிடும். நிலம் அரசாங்கத்தினுடையது என்றால் 30 ஆண்டுகள். இடையறாமல் என்பதற்கு அதே பிரிவில் ஒரு விளக்கமும் இருக்கிறது. தடுக்கப்பட்டவர் அந்தத் தடையை அறிந்தபின் ஓராண்டு அதற்கு அடங்கிப் போயிருந்தால்தான் இடையீடு ஏற்பட்டதாகக் கொள்ளப்படும். அப்படியானால் ஒருநாள் பூட்டு இந்தச் சட்டப்படி இடையீடே ஆகாது.

'அதுக்குப் பூட்டறது இல்லப்பா' என்றார் நண்பர். 'பொதுவழிங்கறது வேற. நிலத்துக்காரன் ஜனங்களுக்கு விட்டுக் குடுத்துட்டான்னு கோர்ட் ஊகிக்கறதுக்கு இடம் குடுக்கக் கூடாது. நீங்க நடக்கறது என் அனுமதியிலதான்னு வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டறாங்க.' இங்கிலாந்தில் தனியார் நிலக்காரர்கள் கைக்கொண்ட பழைய உபாயம் இது. தன் நிலத்தை ஊர் எடுத்துக்கொள்ளும் என்று அஞ்சிய பண்ணையாரின் தந்திரத்தை, ஊருக்கு நீதி சொல்லும் மன்றம் தனக்கெனக் கைக்கொண்டிருக்கிறது.

ஆக, இந்தப் பூட்டு ஒரு சடங்கு. சடங்கு என்பதாலேயே அது முக்கியமாகிறது. அதிகாரம் தன்னைப் பற்றித் தானே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பது சட்டத்தைக் காட்டிலும் சடங்கில்தான் வெளிப்படையாகத் தெரியும். உரிமைக்கும் அனுமதிக்கும் நடுவே போடப்படும் இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு அந்தக் கட்டடத்தின் வரலாற்றைக் கொஞ்சம் வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

2

தமிழில் வழக்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, கோர்ட்டில் போடும் வழக்கு. மற்றொன்று, மக்களிடம் புழங்கி வருவது: உலக வழக்கு, செய்யுள் வழக்கு, பேச்சு வழக்கு என்கிறோமே, அது. வழங்குதல் என்பதற்குக் கொடுத்தல் என்ற பொருளே இன்று முன்னால் நிற்கிறது. பழந்தமிழில் நடமாடுதல், இயங்குதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. கால்கள் வழங்கிய இடம் வழி. நாக்குகள் வழங்கியது மொழி வழக்கு. வழங்கி வழங்கிப் படிந்தது வழக்கம். அதில் பிணக்கு வரும்போது தொடுப்பது வழக்கு.

தமிழ் எம்.ஏ. படித்தவனின் சொல் விளையாட்டு என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். புழக்கத்திலிருந்துதான் நியாயம் பிறக்கிறது என்ற ஒரு பார்வை இந்தச் சொல்லுக்குள் உறைந்திருக்கிறது. அந்தப் பார்வை தன்னளவில் நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. யாருடைய புழக்கம் நியாயமாகிறது, யாருடைய புழக்கம் வெறும் நடமாட்டமாகவே நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி. நீதிமன்றத்தின் வேலையில் பாதி இதைத் தீர்மானிப்பதுதான்.

3

முதலில் நிலம். இன்று உயர்நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் இடம் வெற்றுத் தரையாக இருந்ததில்லை. 1639க்குப் பின் புனித ஜார்ஜ் கோட்டை எழுந்தபோது அதற்கு வடக்கே நெசவாளர்களும் வணிகர்களும் துபாஷிகளும் கூலிக்காரர்களும் வாழ்ந்த ஊர் அங்குதான் இருந்தது. வெள்ளையர் அதைக் கறுப்பர் நகரம் என்றார்கள். சென்னக் கேசவப் பெருமாள் கோவில் ஊர் நடுவே இருந்தது.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1749இல் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. அடுத்த முற்றுகைக்கு அஞ்சிய கும்பினி, கோட்டையை ஒட்டியிருந்த வீடுகளை இடித்தது. 1757இல் கோவிலும் இடிக்கப்பட்டது. 1758 டிசம்பரில் லாலியின் படை வந்தது. 1759 பிப்ரவரியில் முற்றுகை முடிந்த பிறகு, கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே இனி யாரும் எதையும் கட்டக் கூடாது என்று நிலம் வெறுமையாகவே வைக்கப்பட்டது. பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். 1773இல் அந்த வெளியின் எல்லையைக் குறிக்க நடப்பட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் மூலையில் இன்றும் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறோம்.

அங்கிருந்த ஆங்கிலேயர் இடுகாட்டுக் கல்லறைகளை மறைவிடமாக வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர் சுட்டார்கள் என்பதால் அவையும் அகற்றப்பட்டன. அந்தக் கல்லறைக் கற்கள் கோட்டைக்குள் புனித மேரி தேவாலய முற்றத்தில் கொண்டுபோய்ப் பதிக்கப்பட்டன. கோவிலுக்கு 1760களில் மாற்றிடமும் பணமும் கிடைத்தன. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டிய அந்த இரட்டைக் கோவில் பூக்கடைப் பகுதியில் இருக்கிறது. செத்த வெள்ளையருக்கும் சாமிக்கும் மாற்றிடம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வீடிழந்த மக்களோ வடக்கே தள்ளிப் போய்க் குடியேறினார்கள் என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிந்துவிடுகிறார்கள்.

தலைமுறை தலைமுறையாக வழங்கிய வழிகள் துடைக்கப்பட்ட நிலத்தில்தான், இங்கே நீங்கள் வழியுரிமை கோரக் கூடாது என்று கதவு மூடப்படுகிறது. இதை நான் அணிக்காகச் சொல்லவில்லை. நில உரிமை என்ற பேச்சு எங்கே தொடங்கப்பட வேண்டும் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி இது.

4

1862 ஜூன் 26 தேதியிட்ட விக்டோரியா அரசியின் சாசனப்படி அமைந்தது இந்த நீதிமன்றம். அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது. 1801 முதல் இருந்துவந்த சுப்ரீம் கோர்ட்டும், கும்பினியின் சதர் அதாலத்தும் இதில் கலந்தன. முப்பது ஆண்டுகள் கடற்கரைச் சாலையின் பெண்டிங்க் கட்டடத்தில் நடந்தபின், 1892இல் இந்தச் செங்கல் மாளிகைக்கு வந்து சேர்ந்தது. பிராசிங்டன் தொடங்கிய வரைவை இர்வின் முடித்தார் என்று கட்டடக் கலை நூல்கள் சொல்கின்றன. சுவர்களை எழுப்பிய கொத்தர், சித்தாள் பெயர்கள் வழக்கம்போல இல்லை.

ஒரு வேலை நாளில் நண்பரோடு உள்ளே போனேன். பாதுகாப்புப் படையினர் பையைத் திறந்து பார்த்தார்கள், அடையாள அட்டை கேட்டார்கள். உள்ளே நீண்ட தாழ்வாரங்கள், வண்ணக் கண்ணாடிகள், தேக்கு வேலைப்பாடு, தலைக்கு மேல் குவிமாடங்கள். முகலாயம் கொஞ்சம், கோதிக் கொஞ்சம். சூழவுள்ள மண்ணின் கட்டடங்களைப் போலத் தோன்ற வேண்டும், ஆனால் அவற்றில் ஒன்றாக ஆகிவிடக் கூடாது. பேரரசு தனக்கென்று தைத்துக்கொண்ட உள்ளூர்ச் சட்டை இது.

உச்சியில் பழைய கலங்கரை விளக்கம். 1844 முதல் வளாகத்தில் தனித்தூணாக நின்ற விளக்குக்குப் பதிலாக, 1894இல் நீதிமன்றக் கோபுரத்தின் மேலேயே விளக்கு ஏற்றப்பட்டது. 1977இல் மெரினாவில் புதிய விளக்கம் வரும்வரை அதுதான் கப்பல்களுக்கு வழி காட்டியது. பூக்கோவைப் படித்த நமக்கு உடனே கண்காணிப்புக் கோபுரம் நினைவுக்கு வரும். அந்த அவசரம் வேண்டாம். இந்த விளக்கு ஊரைப் பார்க்கவே இல்லை, கடலைப் பார்த்தது. ஊர் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்தக் கடலிலிருந்துதான் எம்டன் கப்பல் குண்டு வீசியது. ஒரு குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்.

ஒரு நீதிமன்ற அறையில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். வெள்ளித் தடி ஏந்திய டபேதார் முன்னே வர, நீதிபதி வந்தமர்ந்தார். வழக்குகள் ஒவ்வொன்றாக அழைக்கப்பட்டன. என் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, மஞ்சள் பையை மடியில் வைத்திருந்தார். அவருடைய வழக்கு வந்தது. வக்கீல்கள் இருவரும் ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசினார்கள். நீதிபதி ஏதோ சொன்னார். அடுத்த வழக்கு.

தாழ்வாரத்தில் அந்த அம்மா குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டார். 'என்ன தம்பி சொன்னாங்க?'

'தேதி குடுத்திருக்காங்கம்மா. ஆறு வாரம்.'

'அவ்ளோ நேரம் பேசினாங்களே, தேதி மட்டும்தானா?'

குமாஸ்தா சிரித்தார். கெட்ட மனுசன் இல்லை, நிதானமாக உட்கார வைத்து விளக்கினார். அது ஒரு பாகப்பிரிவினை வழக்கு. கீழ்க்கோர்ட்டில் அந்த அம்மா தமிழில் சாட்சி சொன்னார், தமிழில் பதிவானது. மேல்முறையீட்டுக்கு வரும்போது அவருடைய வாய்மொழி ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டு, தைத்த கட்டாக நீதிபதியின் மேசைக்கு வந்திருக்கிறது. அவருடைய பேச்சு உள்ளே போய்விட்டது. ஆனால் அவரால் அதைப் பின்தொடர்ந்து போக முடியவில்லை.

5

மொழிக்குப் போவதற்கு முன்னால் இன்னொரு வாயிலில் நிற்க வேண்டியிருக்கிறது. வழக்கத்தைச் சட்டம் மதிப்பதில்லை என்று முடிவுகட்டிவிட்டால் அது பிழையாகும். சில வழக்கங்களை அது நன்றாகவே மதித்தது.

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்து வழிபட்டார்கள். இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். 1899இல் மதுரை சார்பு நீதிமன்றம் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு இந்த உயர்நீதிமன்றத்துக்கு வந்து தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய் 1908இல் அங்கும் தோற்றது. நுழைய விடாமல் வைத்திருந்த நெடுநாள் வழக்கமே தடுப்பவர்களின் உரிமைக்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது.

அதாவது, நீண்டகாலம் நடந்ததால் நடப்பவருக்கு வழியுரிமை வந்துவிடாமல் இருக்க ஆண்டுக்கொருமுறை பூட்டு. நீண்டகாலம் தடுத்ததால் தடுப்பவருக்குத் தடையுரிமை தாராளமாக வரலாம். இரண்டுமே புழக்கம்தான். ஒன்று நடையின் புழக்கம், மற்றொன்று தடையின் புழக்கம்.

இந்தச் சமமின்மையை வழக்காடுவதன் மூலம் மட்டும் உடைக்க முடியாது என்பதைத் தலித் இயக்கங்கள் முன்னமே கண்டுகொண்டன. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானம், பொதுச் சாலை, தெரு, பாதை, கிணறு, பொது அலுவலகம் எதிலும் எந்தச் சாதியினரும் போக வரத் தடையில்லை என்று அறிவிக்கச் செய்தது. வழக்கத்தை நிரூபித்து அவர் வழி கேட்கவில்லை. வழக்கத்தை மறுத்து வழி கேட்டார். இந்த வேறுபாடு நமக்கு முக்கியமானது. புழக்கத்தின் பெயரால் மட்டும் உரிமை கோருபவர்கள், புழங்கவே விடப்படாதவர்களை மறந்துவிடுகிறார்கள். இதே உயர்நீதிமன்றத்தில் 1973 முதல் நீதிபதியாக இருந்த ஏ.வரதராஜன் 1980இல் உச்சநீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். உயர்நீதிமன்றம் தொடங்கி அப்போது 118 ஆண்டுகள் ஆகியிருந்தன.

6

இப்போது மொழி. உயர்நீதிமன்றம் பிறந்த அதே 1862இல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை 'சித்தாந்த சங்கிரக'த்தை வெளியிட்டார். 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத் தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கம் அது. அவர் முன்சீப்பாக வேலை பார்த்தவர். தமிழ் நாவல் வரலாற்றை 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலிருந்து (1879) தொடங்கும் நாம், அந்நாவலுக்குள்ளேயே நீதிமன்ற மொழி தமிழாக இருக்க வேண்டும் என்று ஒரு வாதம் நடப்பதைக் கண்டுகொள்வதில்லை. வழக்காடுபவர், வாதிப்பவர், கேட்பவர் எல்லாரும் தமிழராக இருக்க, நடுவில் ஆங்கிலம் எதற்கு என்ற எளிய கேள்விதான் அங்கே எழுப்பப்படுகிறது. நாவல் வந்து நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

அரசியல் சட்டத்தின் 348(1) பிரிவு உயர்நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்கிறது. 348(2), குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு ஆளுநர் இந்தியையோ மாநில ஆட்சிமொழியையோ நடவடிக்கைகளில் அனுமதிக்கலாம் என்கிறது. அப்போதும் தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். இந்த வழியே ராஜஸ்தானில் 1950இலும், உத்தரப் பிரதேசத்தில் 1969இலும், மத்தியப் பிரதேசத்தில் 1971இலும், பீகாரில் 1972இலும் இந்தி உள்ளே போனது. இடையில் 1965 மே 21 அன்று மத்திய அமைச்சரவைக் குழு, இனி இப்படிப்பட்ட கோரிக்கைகளில் இந்தியத் தலைமை நீதிபதியின் கருத்தையும் பெற வேண்டும் என்று முடிவெடுத்தது. 2006 டிசம்பரில் தமிழகச் சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பியது. 2012 அக்டோபரில் உச்சநீதிமன்ற நீதிபதிகளின் முழு அமர்வு, தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கான கோரிக்கைகளை ஏற்பதற்கில்லை என்று முடிவுசெய்தது.

2015 செப்டம்பரில் தமிழை வழக்காடு மொழியாக்கக் கோரித் தலைமை நீதிபதியின் நீதிமன்ற அறையிலேயே வழக்கறிஞர்கள் அமர்ந்து போராடினார்கள். அதே ஆண்டு நவம்பர் 16 முதல் வளாகத்தின் பாதுகாப்பு மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் போனது. 2009 பிப்ரவரி 19 அன்று காவல்துறை இதே வளாகத்தில் வழக்கறிஞர்கள் மீது தடியடி நடத்தியது, ஒரு நீதிபதியும் காயம்பட்டார் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். வாயில் பற்றிய பேச்சு வெறும் உருவகப் பேச்சல்ல.

உள்ளே தமிழே இல்லை என்று சொல்லவும் முடியாது. சில நீதிபதிகள் தமிழில் பேச இசைவு தருகிறார்கள். 2019இலிருந்து உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை மென்பொருள் கொண்டு தமிழ் முதலான மொழிகளில் பெயர்த்துத் தருகிறார்கள். இவை நல்லவையே. ஆனால் இவையெல்லாம் அனுமதியின் வகையைச் சேர்ந்தவை. நாம் முன்னே பார்த்த அதே 1882ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையையும் அனுமதியையும் தனித்தனியே வைத்திருக்கிறது. உரிமையைக் கொடுத்தவர் நினைத்தாலும் பறிக்க முடியாது. அனுமதியைப் பொதுவாகக் கொடுத்தவரே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அந்த வளாகத்தில் நடக்கும் நம் கால்களுக்கு எந்த நிலையோ, அதே நிலைதான் நம் மொழிக்கும்.

7

தமிழ் வழக்காடு மொழியானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கமுதி வழக்கு தமிழில் நடந்திருந்தாலும் அதே தீர்ப்புதான் வந்திருக்கும். 'வாதி', 'பிரதிவாதி', 'தாவா' என்று கீழ்க்கோர்ட்டில் எழுதப்படும் தமிழே மஞ்சள் பை அம்மாவுக்கு அரைகுறையாகத்தான் புரிகிறது. நீதிமன்றத் தமிழ் யாருடைய தமிழாக இருக்கப் போகிறது? பண்டிதரின் தமிழா, பத்திர எழுத்தரின் தமிழா, தாழ்வாரத்தில் அந்தக் குமாஸ்தா பேசிய தமிழா? மொழிக் கோரிக்கையை முன்வைக்கும் நம்மில் எத்தனை பேர் இந்தக் கேள்வியோடு சேர்த்து அதை முன்வைக்கிறோம்?

அதே சமயம், இந்தக் கேள்வியைச் சாக்காக வைத்துக்கொண்டு கோரிக்கையையே தள்ளிப்போடுவதும் ஒரு தந்திரம்தான். முதலில் சட்டச் சொற்கள் வரட்டும், பிறகு பார்ப்போம் என்கிறார்கள். புழங்காத மொழியில் சொற்கள் எப்படி வரும்? நடக்க விடாமல் வைத்துக்கொண்டு, இங்கே தடமே இல்லையே என்பதைப் போன்றது இது. இரட்டைமலை சீனிவாசன் செய்ததைப்போல, வழக்கத்தைக் காட்டிக் கேட்காமல் நியாயத்தைக் காட்டிக் கேட்பதே நமக்கு முன்னுள்ள வழி. எங்கள் மொழி பழமையானது, ஆகவே உள்ளே விடுங்கள் என்பது ஒரு வாதம். தன்னைப் பற்றி என்ன முடிவெடுக்கப்படுகிறது என்பது வழக்காடுபவருக்கு அந்த இடத்திலேயே புரிந்தாக வேண்டும் என்பது வேறொரு வாதம். இரண்டாவதற்குத் தொன்மை தேவையில்லை. கோண்டி பேசுபவருக்கும் இருளருக்கும்கூட அது பொருந்தும்.

பூட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, திறப்பதைப் பார்க்க வேண்டும் என்று மறுபடி போய் நின்றேன். விழா எதுவும் இல்லை. ஒரு காவலர் வந்து பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே, 'அவ்ளோதான் சார், இன்னும் ஒரு வருஷத்துக்கு நடக்கலாம்' என்றார். நடந்தோ வண்டியிலோ யாரும் அந்நேரம் உள்ளே போகவில்லை. திங்கட்கிழமை காலையில் மஞ்சள் பையோடு வருபவர்களுக்கு, நேற்று ஒருநாள் அந்தக் கதவு தங்களை நினைத்து மூடப்பட்டிருந்தது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.